கண்டறியப்படாத காது நோய்கள்: காலதாமதமே பெரும் ஊனம்

புது தில்லி: பழைய தில்லியின் நெரிசல் மிகுந்த தெருக்களில், சிவப்புத் தலைப்பாகை அணிந்து, மெல்லிய ஊசியும் பஞ்சும் எண்ணெய்க் குப்பியுமாக வாடிக்கையாளரை எதிர்நோக்கி நிற்கும் காது சுத்தம் செய்பவர்களை இன்னும் ஆங்காங்கே காணலாம். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். கேட்கும் கூலியும் குறைவு. ஆனால், செவிப்பறை கிழிந்து, சீழ் வடிந்து, கேட்கும் திறனை இழந்த பிறகு அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் வரிசையில் நிற்பவர்கள் செலுத்தும் விலை மிக அதிகம்.

காது என்றதும் கேட்பது மட்டுமே நினைவுக்கு வருகிறது. உடல் தள்ளாடாமல் நிற்பதற்கும் நடப்பதற்கும் வேண்டிய சமநிலை உறுப்பும் அதே உட்செவியில்தான் இருக்கிறது. இவ்விரண்டில் எது பழுதுபட்டாலும் நோயாளி சரியான மருத்துவரிடம் வந்து சேர்வதற்குள் பல மாதங்கள், சில நேரங்களில் பல ஆண்டுகள் கடந்துவிடுகின்றன.

இந்தியாவில் சுமார் 6.3 கோடி பேர் குறிப்பிடத்தக்க அளவு கேட்கும் திறன் குறைந்தவர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆனால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்களாகப் பதிவானோர் சுமார் 50 லட்சம் பேர் மட்டுமே. இரண்டும் ஒரே அளவுகோலைக் கொண்டவை அல்ல. வீட்டாரே ஊனம் என்று ஒப்புக்கொண்டு சொன்னதையே கணக்கெடுப்பு பதிவு செய்தது. "வயதானால் அப்படித்தான்", "பையன் கவனிக்க மாட்டான்" என்று ஒதுக்கப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. கணக்கில் வராதவர்கள் சிகிச்சைக்கும் வருவதில்லை.

தூங்கும் குழந்தைக்குச் சில நிமிடங்கள்

பிறவியிலேயே நிரந்தரமாகக் கேட்கும் திறன் குறைந்த குழந்தைகள், உலக அளவில் ஆயிரத்துக்கு ஒருவர் முதல் மூவர் வரை இருப்பதாகக் கூறப்படுகிறது. ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் நாட்டில் இது சிறிய எண்ணிக்கை அன்று.

இதைக் கண்டறியும் முதல்கட்டச் சோதனை எளியது. தூங்கும் குழந்தையின் காதில் சிறு குமிழ் ஒன்றைப் பொருத்தி மெல்லிய ஒலி எழுப்பினால், நலமான உட்செவி அதற்கு விடையாக எழுப்பும் நுண்ணிய எதிரொலி கருவியில் பதிவாகும். ஓ.ஏ.இ. எனப்படும் இச்சோதனையில் தேறாத குழந்தைக்கு 'பெரா' சோதனை செய்யப்படும். நெற்றியிலும் காதின் பின்புறத்திலும் மின்முனைகளை ஒட்டி, ஒலி மூளைத்தண்டு வரை சென்று சேர்கிறதா என்று பார்ப்பார்கள். குறைமாதக் குழந்தைகள், கடும் மஞ்சள் காமாலை கண்ட குழந்தைகள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகள் ஆகியோருக்குத் தொடக்கத்திலேயே பெரா சோதனை தேவை.

ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட இலக்கு. நம் நாட்டிலோ, இரண்டு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லையே என்ற கவலை எழுந்த பிறகே பல பெற்றோர் மருத்துவமனைக்கு வருகின்றனர். "தாத்தாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்ற ஆறுதலில் கழியும் அந்த ஆண்டுகளே மூளை மொழியைக் கற்கும் ஆண்டுகள். அவை திரும்பி வருவதில்லை.

கருவியோடு முடிவதில்லை

காது கேளாமைத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் தேசியத் திட்டத்தை மத்திய அரசு 2007-ல் 25 மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கிப் பின்னர் விரிவுபடுத்தியது. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலிலும் பிறவிச் செவித்திறன் குறைபாடு இடம்பெற்றுள்ளது. கடுமையான குறைபாடுள்ள ஏழைக் குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவியை இலவசமாகப் பொருத்த மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் திட்டம் உதவுகிறது. மும்பையிலுள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இதனை ஒருங்கிணைக்கிறது. தமிழகம் உள்ளிட்ட சில மாநிலங்கள் அரசுக் காப்பீட்டின் வழியாகவும் இச்சிகிச்சையை அளிக்கின்றன.

ஆனால், அறுவை சிகிச்சை பாதி வழிதான். கருவி இயக்கி வைக்கப்பட்ட பின்னரே குழந்தை ஒலியை முதன்முறையாக அறிகிறது. அதைச் சொல்லாகவும் பொருளாகவும் மாற்ற ஓராண்டுக்கும் மேலாகத் தொடர் பயிற்சி வேண்டும். பயிற்சியாளர் இருக்கும் நகரத்துக்கு வாரந்தோறும் குழந்தையைத் தூக்கிச் செல்ல வேண்டிய கூலித் தொழிலாளிக்கு, ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி இழப்பு. பழுதாகும் வெளிக்கருவியின் செலவும் அவர் தலையில் விழுந்தால், பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள கருவி பெட்டிக்குள் போய்விடும்.

தலை சுற்றினால் கழுத்து எக்ஸ்ரே

சமநிலைக் கோளாறுகளின் கதை வேறு. தலைச்சுற்றல் என்றதும் ரத்த அழுத்தம், ரத்தசோகை, கழுத்து எலும்புத் தேய்மானம் என்று காரணம் தேடுவதே வழக்கமாக உள்ளது. கழுத்துப் பட்டையுடன் ஆண்டுக்கணக்கில் அலைபவர்கள் உண்டு.

படுக்கையில் புரளும்போதோ, கொடியில் துணி உலர்த்த அண்ணாந்து பார்க்கும்போதோ ஒரு நிமிடத்துக்கும் குறைவாக உலகமே சுழல்வது போலத் தோன்றினால், உட்செவியின் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாயில் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். நோயாளியின் தலையை ஒருபுறம் திருப்பிச் சட்டென்று படுக்க வைத்து, கண்மணிகளின் துடிப்பைக் கவனித்தாலே இது தெரிந்துவிடும். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் துகள்களை மீண்டும் இடம் சேர்க்கும் 'எப்ளி' முறைக்கு மருந்தோ, ஸ்கேனோ தேவையில்லை; பத்து நிமிடம் போதும்.

காது அடைப்பு, இரைச்சல், கேட்கும் திறன் குறைவு ஆகியவற்றுடன் மணிக்கணக்கில் நீடிக்கும் சுற்றல் மெனியர் நோயாக இருக்கலாம். அதற்கு உணவில் உப்பைக் குறைப்பதும் மருந்துகளும் பயன்படும். சமநிலை நரம்பு அழற்சிக்கு உடற்பயிற்சியே முக்கிய சிகிச்சை. தலைச்சுற்றலை அடக்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால், மூளை தானாகச் சமன்செய்து கொள்ளும் ஆற்றல் தடைபடும் என மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். முதியவர்களுக்கு இதன் விளைவு கீழே விழுதலும் இடுப்பெலும்பு முறிவும் ஆகும்.

உயிர் காத்து, செவி பறித்த மருந்து

காசநோய் மிகுந்த நம் நாட்டில் ஸ்ட்ரெப்டோமைசின், கானாமைசின் போன்ற ஊசி மருந்துகள் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. அவையே பலரின் உட்செவியை நிரந்தரமாகப் பாதித்தன. ஸ்ட்ரெப்டோமைசின் பெரும்பாலும் சமநிலையையும், கானாமைசின் பெரும்பாலும் கேட்கும் திறனையும் தாக்கும். சிகிச்சைக் காலத்தில் குறித்த இடைவெளியில் ஆடியோகிராம் எடுத்திருந்தால் பாதிப்பைத் தொடக்கத்திலேயே அறிந்து மருந்தை மாற்றியிருக்க முடியும். கானாமைசினைத் தவிர்க்குமாறு 2018-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததைத் தொடர்ந்து, இந்தியாவும் மாத்திரை மட்டுமே கொண்ட சிகிச்சைக்கு மாறியது. ஆனால் ஏற்கெனவே செவித்திறனை இழந்தவர்களுக்கு இம்மாற்றம் காலம் கடந்தே வந்தது.

ஆள் இருந்தால்தான் கருவி

மைசூரில் 1960-களில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் தலைமுறை தலைமுறையாகக் கேட்பியல் நிபுணர்களை உருவாக்கி வருகிறது. இருப்பினும் இத்துறையினர் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே குவிந்துள்ளனர். மாவட்ட மருத்துவமனைக்குச் சோதனைக் கருவி வந்து சேர்ந்தாலும், அதை இயக்கும் நிபுணர் ஒப்பந்தப் பணியை விட்டுச் சென்றதும் அறை பூட்டப்படுகிறது. கட்டடத்தைவிட நிரந்தரப் பணியிடமே முதல் தேவை.

பொதுமக்கள் நினைவில் கொள்ள வேண்டியவை சில. ஒரு காது திடீரெனக் கேளாமல் போனால் அது அவசர நிலை. முதல் இரு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் மீளும் வாய்ப்பு அதிகம். தலைச்சுற்றலுடன் பேச்சுக் குழறலோ, இரட்டைப் பார்வையோ, கை கால் தளர்ச்சியோ இருந்தால் அது பக்கவாதமாக இருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். குழந்தை பிறந்த வீட்டார், மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: "குழந்தைக்குக் காது சோதனை செய்தாகிவிட்டதா?"