அனுப்பியது 100, வந்தது 13: உகாண்டா பள்ளிகளின் பணம் எங்கே போச்சு?

பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியாச்சு. அரசுக் கணக்கில் செலவும் எழுதியாச்சு. ஆனால், பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் வாங்கக்கூட காசில்லை. 1990-களின் முதல் பாதியில், கிழக்கு ஆப்பிரிக்க நாடான உகாண்டாவில் இதுதான் நிலைமை.

உள்நாட்டுப் போர்களில் சிதைந்துபோன நாடு அது. 1986-ல் முசெவேனி ஆட்சிக்கு வந்த பிறகு வெளிநாட்டு உதவி வந்தது, கல்விக்கு ஒதுக்கீடும் கூடியது. ஆனால் அதற்கேற்ற மாற்றம் பள்ளிகளில் தெரியவில்லை. ஏன்?

1996-ல் இதற்கு விடை தேடினார்கள். மத்திய அரசு அனுப்பிய தொகை ஒரு பக்கம், 250 தொடக்கப் பள்ளிகளின் வரவுப் புத்தகம் மறுபக்கம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரித்வா ரெய்னிக்கா, யாக்கோப் ஸ்வென்சன் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் இந்தத் தரவுகளை ஆராய்ந்தார்கள். மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து, சம்பளம் தவிர்த்த செலவுகளுக்காகத் தரப்படும் மானியத்தில், 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது சராசரியாக 13 சதவீதம். பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒன்றுமே போகவில்லை.

நடுவில் என்ன நடந்தது?

பணம் தலைநகர் கம்பாலாவில் இருந்து மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்குப் போகணும். மாவட்டத்தோடு நின்றுபோனது. எல்லாமே அதிகாரிகளின் பாக்கெட்டுக்குப் போனதாகச் சொல்ல முடியாது. வேறு அலுவலகச் செலவுகளுக்கும் உள்ளூர் அரசியலுக்கும் திருப்பிவிட்டதும் இதில் உண்டு. பள்ளியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

இதில் இன்னொரு கொடுமை. வசதியான பகுதிகளில் இருந்த பள்ளிகள், அதிகாரிகளிடம் பேசி, நெருக்கி, தங்கள் பங்கை ஓரளவு வாங்கிக்கொண்டன. ஏழைப் பகுதிப் பள்ளிகளால் அது முடியவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இங்கே அழுவதற்கே கொஞ்சம் வசதி வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் தொடக்கக் கல்விச் செலவில் பெரும்பகுதியைச் சுமந்ததும் பெற்றோர்தான். அரசு தந்ததாக எழுதிய பணத்தை அவர்கள் திரும்பவும் தங்கள் கையிலிருந்து கட்டினார்கள்.

சம்பளம் மட்டும் எப்படி வந்துச்சு?

ஆசிரியர்களின் சம்பளத்தில் இந்த அளவுக்கு யாரும் கைவைக்கவில்லை. காரணம் ரொம்பச் சாதாரணம். தனக்கு மாதம் எவ்வளவு வரணும் என்று ஆசிரியருக்குத் தெரியும்; குறைந்தால் கேட்பார். மானியமோ எவ்வளவு, எப்போது வரும் என்று தலைமை ஆசிரியருக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. வரணும் என்றே தெரியாத பணத்தை யார் போய்க் கேட்பது?

ஆய்வு முடிவு வெளியானதும் உகாண்டா அரசு ஒரு வேலை செய்தது. மாதாமாதம் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று செய்தித்தாள்களில் வெளியிட ஆரம்பித்தது. வந்த தொகையைப் பள்ளியிலும் எழுதி ஒட்டச் சொன்னது. 2001-ல் மீண்டும் கணக்குப் பார்த்தபோது, 80 சதவீதத்துக்கும் மேல் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. செய்தித்தாள் விற்கும் இடத்துக்கு அருகில் இருந்த பள்ளிகளில் முன்னேற்றம் கூடுதல் என்றார்கள் ரெய்னிக்காவும் ஸ்வென்சனும்.

பேப்பர் மட்டுமே இதைச் சாதித்தது என்பதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. 1997-ல் இலவசத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது, நிதி அனுப்பும் முறை இறுகியது, உதவி தரும் நாடுகளின் கண்காணிப்பும் கூடியது. இவற்றுக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். நியாயமான வாதம்தான். ஆனால், பட்டியல் போடுவதற்கு ஆன செலவு எவ்வளவு சொற்பம் என்பதையும் பார்க்கணும்.

அப்போ ஊழல் ஒழிஞ்சுதா?

இல்லை. 2012-ல் பிரதமர் அலுவலகத்திலேயே ஒரு மோசடியைத் தணிக்கைத் துறை கண்டுபிடித்தது. நீண்ட போரில் அழிந்த வடக்கு உகாண்டாவை மறுபடி கட்டியெழுப்ப நன்கொடை நாடுகள் தந்த பணத்தில், 1 கோடி டாலருக்கும் மேல் தனியார் கணக்குகளுக்குப் போயிருந்தது. இந்தப் பணத்துக்குப் பள்ளிச் சுவரில் ஒட்டும் பட்டியல் கிடையாது. பயனாளிகளோ, வீடும் நிலமும் இழந்து முகாம்களில் பல வருஷம் கிடந்து ஊர் திரும்பியவர்கள்.

பிரிட்டன், அயர்லாந்து, நார்வே, டென்மார்க் உள்ளிட்ட நாடுகள் உதவியை நிறுத்தின. தன் பங்கான 40 லட்சம் யூரோவைத் திருப்பிக் கேட்டது அயர்லாந்து. உகாண்டா அரசு அதைத் திருப்பிக் கொடுத்தது, சொந்தக் கருவூலத்தில் இருந்து.