ஆண்டிறுதிச் சுற்றுலா: பஸ்ஸில் ஏறாத பிள்ளையை யார் தேடுவது?

டிசம்பர் நெருங்கினால் நமது மாணவர் வழிகாட்டல் குழுக்களின் வட்ஸ்அப்பில் ஒரே பேச்சுதான்: "இந்த முறை ட்ரிப் எங்கே?" நுவரெலியாவா, கண்டியா, கொழும்பா என்று விவாதம் சூடுபிடிக்கும். பிறகு பஸ் கட்டணம் கணக்கிடப்பட்டு, பணம் கட்டியவர்களின் பெயர்ப் பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் இல்லாத பெயர்களைப் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன்.

வழிகாட்டல் என்பது இன்னொரு டியூஷன் அல்ல. பல்கலைக்கழகம் போன ஒரு நானாவோ தாத்தாவோ ஐந்தாறு பிள்ளைகளைப் பொறுப்பெடுத்து, அவர்களின் படிப்பையும் மனதையும் வருடம் முழுவதும் கவனிப்பதே அதன் வேலை. வகுப்பறையில் வாய் திறக்காத பிள்ளை, பக்கத்தில் நடந்து வரும்போது பேசும். வாப்பாவுக்குத் தொழில் இல்லை என்பதையும், கணிதம் விளங்கவில்லை என்பதையும் அப்போதுதான் சொல்லும். அதனால் ஆண்டிறுதிப் பயணத்தை நன்றாகப் படித்தவர்களுக்கான பரிசாகக் கருதக் கூடாது. அது வழிகாட்டல் பணியின் ஒரு பகுதி. எல்லோரும் வர வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நான் உதவிய குழுவொன்றில் ஒரு மாணவன் பயண நாளன்று வயிற்றுவலி என்று வரவில்லை. நானும் 'வரவில்லை' என்று குறித்துவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஜனவரியில் அவன் குழுவுக்கும் வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தபோதுதான், கட்டணத்தை உம்மாவிடம் கேட்கவே அவன் வெட்கப்பட்டது தெரிந்தது. மற்றவர்கள் பயணப் படங்களைப் பகிர்ந்து மகிழ்ந்த நாட்களில் அவன் குழுவிலிருந்தே விலகிப் போயிருந்தான். பொறுப்பாளர்களில் ஒருவனாக இருந்த எனக்கும் அந்தத் தவறில் பங்குண்டு.

தூரப் பயணம் கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் செலவு குறைந்த, காலையில் போய் மஃரிபுக்கு முன் வீடு திரும்பும் பயணத்துக்கு நமது மாவட்டத்திலேயே இடம் தாராளமாக உண்டு. இரவு தங்க அனுமதி கிடைக்காத பெண் பிள்ளைகளும் அதில் கலந்துகொள்ளலாம்.

புத்தளத்திலிருந்து பாலாவி வழியாகக் கல்பிட்டிக்குப் போகும் பாதையையே எடுத்துக்கொள்வோம். உப்பளத்தில் நின்றால் கடல்நீர் ஆவியாகும்போது முதலில் ஜிப்சமும் பிறகு உப்பும் படிவதை விளக்கலாம். இரசாயனவியலில் பயந்த பிள்ளைக்கு அது கண் முன்னே நடக்கும் பாடம். நுரைச்சோலையில் 900 மெகாவாட் கொள்ளளவுள்ள அனல் மின்நிலையத்தைக் காட்டி, அங்கே என்னென்ன படித்தவர்கள் வேலை செய்கிறார்கள் என்று பேசலாம். அதன் புகையும் சாம்பலும் பற்றிய ஊர்மக்களின் முறைப்பாடுகளையும் சேர்த்தே பேச வேண்டும். 1667இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கி 1676இல் முடித்த கல்பிட்டிக் கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருப்பதால், முன்கூட்டியே அனுமதி பேசிக்கொள்வது நல்லது.

களப்போரத்தில் கண்டல் மரங்களின் நிழலில் அமர்ந்து இப்னு பதூதாவின் கதையைச் சொல்லலாம். 21 வயதில் தஞ்சியரிலிருந்து புறப்பட்ட அவர், 1344இல் மாலைதீவிலிருந்து வந்து கரையிறங்கிய 'பத்தாலா' நமது புத்தளம்தான் என்று கருதப்படுகிறது. பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி அல்குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. அந்தப் பயணத்தை நம் ஊரிலிருந்தே தொடங்கலாம்.

பகல் சாப்பாட்டுக்கு ஒரு வழிகாட்டியும் அவரது பிள்ளைகளும் ஒரு சஹனில் அமரட்டும். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் ஒரே சஹனில் கைவைக்கும்போது வளரும் நெருக்கத்தை எந்தச் சொற்பொழிவும் தராது.

ஏற்பாட்டாளர்கள் கவனிக்க வேண்டியவை சில. கட்டணப் பட்டியலைக் குழுவில் போடாதீர்கள். வசதியுள்ளவர்களின் உதவியைப் பொது நிதியாகச் சேர்த்து, யாருக்குக் கொடுத்தோம் என்பதை ஒருவர் மட்டும் அறிந்திருங்கள். படகில் ஏறினால் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும். பாடசாலையின் பெயரில் போவதானால் வலயக் கல்வி அலுவலக அனுமதியை நேரத்தோடு பெறுங்கள். சாதாரண தர மாணவர்களின் திகதியையும் பாருங்கள். முன்பு டிசம்பரில் நடந்த பரீட்சை கொவிட்டுக்குப் பிறகு இடம் மாறி, 2024ஆம் ஆண்டுக்குரியது 2025 மார்ச்சில்தான் நடந்தது. அவர்களுக்கு டிசம்பர் மீட்டல் காலம். அவர்களின் பயணத்தைப் பரீட்சை முடிந்த பின் வைப்பதே பொருத்தம். பெறுபேறு வரும்வரையான அந்த மாதங்களில்தான் பலர் கடைக்கும் தோணிக்கும் போய், படிப்புக்குத் திரும்பாமலே விடுகிறார்கள்.

பயணம் முடிந்த வாரத்தில் வழிகாட்டிகள் ஒருமுறை கூடி, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் சில வரிகள் எழுதி அடுத்த வருடப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கட்டும். இல்லாவிட்டால் ஜனவரியில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

பஸ் புறப்படும்போது ஏறியவர்களை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். முழுப் பட்டியலையும் வாசியுங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே ஒருவர் போகட்டும்.