நிலவில் தெரிவது யார்?

முழுநிலவில் ஆங்காங்கே கருமையான திட்டுகள் தெரிகின்றன. அங்கே பாட்டி ஒருத்தி வடை சுடுவதாகச் சொல்லித் தமிழ்த் தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சோறூட்டினர். சீனர்களோ உரலில் மருந்து இடிக்கும் முயலைக் கண்டனர். ஜப்பானியரின் முயல் மோச்சிப் பலகாரத்திற்கு மாவு இடிக்கிறது. 'சசி' என்னும் வடசொல்லுக்கும் முயலை உடையது என்பதே பொருள்.

பழைய மலாய்க் கதை ஒன்று இவை எல்லாவற்றையும் விடச் சுவையானது. நிலவில் தலைகீழாக நிற்கும் ஆலமரத்தடியில் கூனர் ஒருவர் அமர்ந்து, மரப்பட்டையைத் திரித்துத் தூண்டில் கயிறு செய்கிறார். கயிறு முடிந்துவிட்டால் உலகில் உள்ள அனைத்தையும் பிடித்துவிடுவாராம். நல்ல வேளையாக, ஒவ்வொரு முறையும் ஓர் எலி வந்து கயிற்றைக் கடித்துவிடுகிறது.

எல்லாரும் பார்ப்பது ஒரே நிலவின் ஒரே பக்கத்தைத்தான். பூமியைச் சுற்றிவர நிலவுக்கு ஆகும் 27 நாள்களிலேயே அது தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்கிறது. அதனால் அதன் மறுபக்கம் நமக்குத் தெரிவதில்லை. 1959ஆம் ஆண்டில் சோவியத் விண்கலமான லூனா 3 அப்பக்கத்தை முதன்முதலில் படம் எடுத்தது. அங்கே கருந்திட்டுகள் மிகக் குறைவு. அந்தப் பக்கம் நம்மை நோக்கியிருந்தால், பாட்டியும் முயலும் பிறந்தே இருக்க மாட்டார்கள்!

இத்திட்டுகள் எப்படி உண்டாயின? ஆதியில் மாபெரும் விண்கற்கள் மோதி நிலவில் அகன்ற பள்ளங்களை ஏற்படுத்தின. பிறகு, 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், உள்ளிருந்து பொங்கிய எரிமலைக் குழம்பு அவற்றை நிரப்பி இறுகியது. இரும்புச் சத்து மிகுந்த அப்பாறை, சுற்றியுள்ள மேட்டு நிலத்தைவிடக் குறைவாகவே ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. முற்காலத்து அறிஞர்கள் இவற்றைக் கடல்கள் என்று எண்ணிப் பெயரிட்டனர். ஒரு சொட்டு நீரும் இல்லாத அவ்விடங்கள் இன்றும் அமைதிக் கடல், மழைக் கடல் என்றே அழைக்கப்படுகின்றன.

திட்டுகளை உருவங்களாக மாற்றுவது நம் மூளை. இரண்டு புள்ளிகளும் அவற்றின்கீழ் ஒரு கோடும் இருந்தால் போதும், அதை உடனே முகம் என்று முடிவுசெய்துவிடும். காட்டில் வாழ்ந்த மனிதன் புதரைப் புலியென எண்ணி ஓடினால் நட்டம் சிறிது; புலியைப் புதரென எண்ணினால் உயிரே போய்விடும். மூளையின் இப்பழக்கம் அறிவியல் காலத்திலும் மாறவில்லை. 1976இல் வைக்கிங் 1 விண்கலம் அனுப்பிய படத்தில் செவ்வாய்க் கோளில் ஒரு முகம் தெரிந்தது. அதை வேற்றுக்கோள்வாசிகள் செதுக்கியதாகப் பலர் நம்பினர். பின்னர்த் தெளிவான படங்கள் கிடைத்தபோது அது வெறும் குன்று என்பது புலனாயிற்று. மாலைநேர வெயிலின் நிழல்தான் கண்ணும் வாயுமாகத் தோன்றியிருந்தது.

ஐரோப்பியர்கள் நிலவில் முயலைவிட மனித முகத்தையே மிகுதியாகக் கண்டனர். பார்ப்பவர் நிற்கும் இடமும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஐரோப்பாவில் தெற்கு வானில் நிலவு உயர்ந்து நிற்கும்போது, அந்த முகம் நிமிர்ந்து தெரியும். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், நிலவு எழும்போது அம்முகம் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். அந்நேரத்தில் முயலோ காதுகளை மேலே தூக்கி நிமிர்ந்து நிற்கும். விடியலில் நிலவு மறையும்போது தலைகீழாகிவிடும். இதைச் சரிபார்க்கத் தொலைநோக்கி தேவையில்லை. மேகமில்லாத முழுநிலவு இரவு ஒன்று போதும்.

டிசம்பர் 2013இல் சீனா நிலவுக்கு அனுப்பிய ஊர்தியின் பெயர் யூத்து. கதையில் வரும் ஜேட் முயலின் பெயர் அது. அந்த ஊர்தி இறங்கிய மழைக் கடல், முயல் உருவத்தின் உடற்பகுதியாகும்.