உங்களுக்குத் தெரியுமா? – தபாலில் வரும் சம்மன்

திருவாரூர் மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் நில வழக்கொன்று தாக்கலாகி, பிரதிவாதியின் சரியான விலாசத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்ட சம்மனை, தபால்காரர் வாசலில் நின்று நீட்டியும் அவர் வாங்காமல் திருப்பிவிட்டாலும், உறையின்மேல் எழுதப்படும் ‘வாங்க மறுத்தார்’ என்னும் குறிப்பையே பிரமாணமாகக் கொண்டு, சம்மன் முறைப்படி சார்வானதாக நீதிமன்றம் பிரகடனம் செய்ய வேண்டும் என்பது 1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 5-ஆம் கட்டளை, 9-ஆம் விதியின் ஏற்பாடு. ஒப்புகை அட்டை தொலைந்துபோய், சம்மன் பிறப்பித்த 30 நாட்களுக்குள் நீதிமன்றத்துக்கு வந்து சேராவிட்டாலும் பலன் அதுவே. சம்மன் சார்வான பின்னும் ஆஜராகாதவருக்கு எதிராக ஒருதலைப்பட்சமாகவே தீர்ப்பாகிவிடக்கூடும். ஆதலால், சாகுபடி நிலமோ பூர்வீக மனையோ விவகாரத்தில் சிக்கியிருப்போர், உறையைக் கையொப்பமிட்டு வாங்கி, 30 நாட்களுக்குள் எதிர்வழக்குரை தாக்கல் செய்வதே தம் உரிமையைக் காக்கும் மார்க்கம்.