கூரையற்ற காரும் காவிரியின் இடக்கரையும்

நதியோரச் சாலைகள் – 9

மேற்கூரையைப் பின்னுக்கு மடித்து வைத்துவிட்டுத் திறந்த வெளியில் ஓட்டிச் செல்லத்தக்க கார் இன்று ‘கன்வெர்ட்டிபிள்’ என்று வழங்கப்படுகிறது. மோட்டார் வாகனம் தோன்றிய காலத்தில் இதற்கெனத் தனிப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை; அன்றைய கார்கள் பெரும்பாலும் திறந்தவையாகவே கட்டப்பட்டன. மழை வந்தால் விரித்துக்கொள்ளக் கான்வாஸ் துணிக் கூரை மட்டும் உடைய, பக்கங்களில் கண்ணாடி இல்லாத அந்தக் கார்களுக்கு ‘டூரர்’ என்று பெயர். ஏற்றி இறக்கும் கண்ணாடி ஜன்னல்களும் இறுகப் பொருந்தும் மடிப்புக் கூரையும் அதனுடன் சேர்ந்தபோது கன்வெர்ட்டிபிள் உருவாயிற்று. 1920-களில் மூடிய உடலமைப்புக் கொண்ட கார்களின் விலை இறங்கிய பிறகு, திறந்த கார் அன்றாடப் பயன்பாட்டிலிருந்து விலகி, செல்வத்தின் அடையாளமாகவும் ஓய்வுநாள் இன்பமாகவும் மாறியது.

இம்மாற்றத்தின் இரு முனைகளையும் மைசூரு கண்டிருக்கிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆண்ட காலத்தில் அரண்மனைக் கொட்டில்களில் யானைகளோடும் குதிரை வண்டிகளோடும் மோட்டார் கார்களும் இடம்பிடித்தன. மைசூர் அரசர் ரோல்ஸ்-ராய்ஸ் கார்களை ஏழேழாக வாங்கினார் என்பது மோட்டார் வரலாற்று நூல்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிடும் செய்தி. அரசருக்கு உரியதாக இருந்த அந்தத் திறந்தவெளிப் பயணம், 1961-இல் இதே நகரில் தொடங்கப்பட்ட ஐடியல் ஜாவா ஆலையின் மோட்டார் சைக்கிள்கள் வழியே நடுத்தர மக்களின் கைக்கு வந்தது. 1996-இல் அந்த ஆலை மூடப்படும்வரை அங்கு உருவான ஜாவா, யெஸ்டி வண்டிகள் தென்னிந்தியச் சாலைகள் எங்கும் ஓடின. கார்களைப் பொறுத்தவரை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த ஜீப்பே இந்தியரின் உண்மையான கூரையற்ற கார் எனலாம். 1990-களின் இறுதியில் கோவாவில் கட்டப்பட்ட சான் ஸ்டார்ம் போன்ற முயற்சிகள் சிறிய எண்ணிக்கையோடு நின்றுவிட, 2020-இல் புதிய வடிவில் வந்த மஹிந்திரா தார், மடக்கத்தக்க துணிக் கூரையை ஒரு தெரிவாக வழங்கி, ஓரளவு வசதியுள்ள குடும்பங்களுக்கும் இப்பயணத்தை எட்டும்படி செய்தது.

பழைய கார்களை நேரில் காண விரும்புவோர்க்கு, மைசூரு–பெங்களூரு வழியில் ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அருகே ‘பயண’ என்னும் அருங்காட்சியகம் இருக்கிறது; தர்மஸ்தலத்தின் தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்கடே திரட்டிய வாகனங்கள் அங்கு வைக்கப்பட்டுள்ளன. ஆயினும் கார் என்பது ஓடுவதற்கென்று ஆனது. அது ஓடவேண்டிய சாலை எது என்பதே இவ்வாரப் பகுதியின் பொருள்.

இரு சாலைகள், ஒரே தொலைவு

இந்தியச் சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை, கிராமச் சாலை என ஐந்து வகையாகப் பிரித்தது 1943-இல் வகுக்கப்பட்ட நாகபுரித் திட்டம். முதல் இரு வகைச் சாலைகள் நகரங்களை இணைப்பதற்காக அமைந்தவை என்பதால் ஊர்களைத் தவிர்த்து நேராகச் செல்கின்றன. பின்னுள்ள மூன்றும் சந்தை, கோயில், துறை, ஏரிக்கரை ஆகியவற்றைத் தொட்டுத் தொட்டு வளைந்து செல்கின்றன. மைசூரு வட்டாரத்தில் இவ்வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. 2023 மார்ச் 12 அன்று திறந்துவைக்கப்பட்ட பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை ஏறத்தாழ 118 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் முதன்மைத் தடங்களில் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் டிராக்டர்களும் அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டன. அச்சாலையை ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால் வழியில் உள்ள நிலம் எத்தகையது என்பதை, வேலித் தடுப்புகளுக்கு நடுவே விரையும் பயணி அறிவதற்கு வழியில்லை.

மைசூருவிலிருந்து புறப்பட்டு திருமகூடலு நரசிபுரம், தலக்காடு, சோமநாதபுரம், பன்னூர், ஸ்ரீரங்கப்பட்டணம் வழியே மீண்டும் மைசூருவை அடையும் வட்டப் பாதையும் சற்றேறக்குறைய 120 கிலோமீட்டர்தான். அதைக் கடக்க ஒரு முழுப்பகல் ஆகிறது, ஆகவும் வேண்டும். மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்டால் திறந்த காரில் முன்கண்ணாடியைத் தாண்டி வரும் காற்று பின்னிருந்து சுழன்றடித்து, பேச்சுக்கும் இடையூறு செய்யத் தொடங்கும். அந்த வேகத்திற்குள் செல்லும்போதோ வாய்க்காலின் ஓசையும், கொதிக்கும் கரும்புச்சாற்றின் மணமும், புங்க மர நிழலுக்குள் நுழைகையில் தோலில் படும் குளிர்ச்சியும் தடையின்றி வந்து சேர்கின்றன. கூரையற்ற காரின் பயன் அதன் விலையிலோ தோற்றத்திலோ இல்லை. பயணியை மெதுவாகச் செல்ல வைப்பதில்தான் இருக்கிறது.

கூடுதுறையிலிருந்து மணற்குன்றுகள் வரை

மைசூருவிலிருந்து தென்கிழக்கே நரசிபுரம் வரையுள்ள முதல் முப்பது கிலோமீட்டர், கோழிக்கோட்டையும் கொள்ளேகாலையும் இணைக்கும் 766-ஆம் தேசிய நெடுஞ்சாலையின் பகுதியாகும். வருணா ஏரியைக் கடந்து செல்லும் இப்பகுதியைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. நரசிபுரத்தில் கபினி ஆறு காவிரியுடன் கலக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத ஸ்படிக சரோவரம் மூன்றாவதாகக் கூடுவதாக நம்பப்படுவதால், பவானிக் கூடுதுறையை அறிந்த தமிழர்க்குப் பழக்கமான முக்கூடல் மரபு இங்கும் நிலவுகிறது. குஞ்சா நரசிம்மர் கோயிலை ஒட்டிய இத்துறையில் 1989 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை கும்பமேளா நடைபெற்று வருகிறது.

இதன்பின் பாதை காவிரியைக் கடந்து இடக்கரையை அடைகிறது. ஆறு ஓடும் திசையை நோக்கி நிற்பவர்க்கு இடப்புறம் அமையும் கரையே இடக்கரை. உண்மையான ஊர்ச்சாலை இங்கிருந்துதான் தொடங்குகிறது. நெல் வயல்களும் கரும்புத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் மாறி மாறி வரும் பதினெட்டுக் கிலோமீட்டருக்குப் பின், பசுமைக்கு நடுவே மணற்குன்றுகளாகத் தலக்காடு எதிர்ப்படுகிறது. மேலைக் கங்கர்களின் தலைநகராக விளங்கிய இந்நகரை 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர்கள் கைப்பற்றி ‘இராஜராஜபுரம்’ எனப் பெயர் மாற்றினர். 1116-இல் போசள மன்னன் விஷ்ணுவர்த்தனன் அதை மீட்டு, ‘தலக்காடு கொண்ட’ என்னும் பட்டத்தைச் சூடி, கீர்த்திநாராயணர் கோயிலை எழுப்பினான். ‘மதுரை கொண்ட’ என்று பராந்தகச் சோழனைப் போற்றும் கல்வெட்டுகளை அறிந்தவர்க்கு, ஒரு நகரைப் பெற்றதும் இழந்ததும் அரச மரபுகளுக்கு எத்துணைப் பெரிய நிகழ்ச்சிகளாக இருந்தன என்பது இங்கு விளங்கும்.

தலக்காட்டை மணல் மூடியதற்கு மக்கள் கூறும் காரணம் ஒன்று, ஆய்வாளர் கூறும் காரணம் மற்றொன்று. 1610-இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா தன் நகைகளைக் கேட்டுத் துரத்தியவர்களிடமிருந்து தப்பி, தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர் பிள்ளையின்றிப் போகட்டும் என்று சபித்து ஆற்றில் பாய்ந்தாள் என்பது மக்கள் வழக்கு. விஜயநகர அமைச்சர் மாதவமந்திரியின் பெயரால் வழங்கும் அணைக்கட்டு ஆற்றின் போக்கை மாற்றியதால் வெளிப்பட்ட மணற்படுகையைத் தென்மேற்குக் காற்று ஆண்டாண்டாக வாரி ஊருக்குள் குவித்தது என்பது ஆய்வாளர் விளக்கம். அவ்வணையிலிருந்து பிரியும் கால்வாய் இன்றும் வயல்களுக்குப் பாய்கிறது. ஓர் ஊரின் கோயில்களைப் புதைத்ததாகக் கருதப்படும் அதே கட்டுமானம் அடுத்துள்ள ஊர்களுக்குச் சோறளிப்பதை அரை மணி நேரப் பயணத்தில் கண்கூடாகக் காணலாம். வைத்தியநாதேசுவரர், பாதாளேசுவரர், மருளேசுவரர், அர்க்கேசுவரர், மல்லிகார்ஜுனர் ஆகிய ஐந்து லிங்கங்களை ஒரே நாளில் வழிபடும் ‘பஞ்சலிங்க தரிசனம்’, நாளும் மீனும் அரிதாகக் கூடிவரும் ஆண்டுகளில் மட்டுமே நிகழ்கிறது. பிற நாள்களில் மணலில் நடந்து இக்கோயில்களை அமைதியாகக் காணலாம். ஆற்றில் இறங்குவோர் மட்டும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும், ஏனெனில் இங்குள்ள மணற்படுகை எதிர்பாராத ஆழங்களை மறைத்து வைத்திருக்கிறது.

கல்லும் கழனியும்

தலக்காட்டிலிருந்து வடமேற்கே திரும்பும் பாதை சோமநாதபுரத்தை அடைகிறது. மூன்றாம் நரசிம்மன் என்னும் போசள மன்னனின் தளபதி சோமநாதன் 1258-இல் எழுப்பிய கேசவர் கோயில் இங்குள்ளது. ‘திரிகூடம்’ எனப்படும் மூன்று கருவறை அமைப்புடைய இக்கோயிலில் கேசவர், ஜனார்த்தனர், வேணுகோபாலர் ஆகிய மூவருக்கும் தனித்தனி விமானங்கள் உண்டு. வெட்டியெடுக்கும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டபின் இறுகும் மாக்கல்லில் செதுக்கப்பட்டமையால் நகைகளின் கண்ணிகள் வரை சிற்பங்களில் தெளிவாகத் தெரிகின்றன. பல சிற்பங்களின் அடியில் மல்லிதம்மன் முதலிய சிற்பிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலான பெருங்கோயில்களில் கட்டிய அரசனின் பெயர் நிற்க, உளி பிடித்தவனின் பெயர் மறைந்துபோயிருக்கும் நிலையில், இது போற்றத்தக்க வேறுபாடு. பேலூர், ஹளேபீடு கோயில்களுடன் இக்கோயிலும் 2023 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அடுத்துள்ள பன்னூர், அவ்வூரின் பெயராலேயே அறியப்படும் குட்டையான செம்மறி இனத்தால் புகழ்பெற்றது. சாலையை நிறைத்து வரும் மந்தைக்குக் காரை ஓரங்கட்டி வழிவிடுவது இப்பயணத்தின் இயல்பான பகுதியாகும். பன்னூரிலிருந்து அரகெரே வழியாக ஸ்ரீரங்கப்பட்டணம் செல்லும் சாலையில் காவிரி அருகிலும் தொலைவிலுமாக உடன் வருகிறது. இவ்வட்டாரத்து வயல்கள் பலவற்றிற்கு நீர் தரும் கால்வாய்கள், சிக்கதேவராஜ உடையார் ஆண்ட 17-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியோடு தொடர்புடையவை. கிருஷ்ணராஜ சாகர் அணைக்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் மூத்தவை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில், திவான் பூர்ணய்யாவின் மேற்பார்வையில் 1804-இல் முடிக்கப்பட்ட கற்பாலம் செதுக்கிய கல் தூண்களின்மேல் இன்றும் நிற்கிறது. அருகிலுள்ள ரங்கனதிட்டு, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பரிந்துரையால் 1940-இல் காப்பிடமாக்கப்பட்ட தீவுக்கூட்டம். 17-ஆம் நூற்றாண்டில் ஆற்றின் குறுக்கே எழுந்த அணைக்கட்டே அத்தீவுகளையும் உண்டாக்கியது.

செல்வோர் கவனத்திற்கு

ஏறத்தாழ 760 மீட்டர் உயரத்தில் அமைந்த மைசூருவில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரையுள்ள மாதங்களே கூரையைத் திறந்து செல்ல ஏற்றவை. ஏப்ரல், மே மாதங்களில் மாலைநேர இடிமழை முன்னறிவிப்பின்றி வந்துவிடும். அறுவடைக் காலத்தில் கேழ்வரகுத் தாளையும் கொள்ளுச் செடியையும் சாலையில் பரப்பி, வாகனச் சக்கரங்களால் போரடிக்கும் வழக்கம் இப்பகுதியில் பரவலாக உண்டு. அத்தாள் காரின் அடிப்பகுதியில் சிக்கிச் சூட்டினால் தீப்பற்றக்கூடும் என்பதால், அதைக் கடந்தபின் நிறுத்திப் பார்ப்பது நன்று. கூரை திறந்திருப்பதால் இருக்கையில் எழுந்து நிற்கலாம் என்று எண்ணுவது பெரும் பிழை. கவிழ்ந்தால் காக்கக் கூரை இல்லாத காரில் இருக்கைப் பட்டையின் தேவை கூடுகிறதே அன்றிக் குறைவதில்லை. கார் இல்லாதவர்க்கும் வழி இருக்கிறது: இந்தப் பாதையை மோட்டார் சைக்கிளில் செல்வோர் கன்வெர்ட்டிபிள் தரும் அனைத்தையும் அதைவிடக் குறைந்த செலவில் பெறுகின்றனர்.

தமிழ்நாட்டில் காவிரி நாள்தோறும் ஓர் எண்ணாகவே அறியப்படுகிறது. கிருஷ்ணராஜ சாகரின் முழுக் கொள்ளளவு மட்டமான 124.80 அடியில் இன்று எத்தனை அடி, மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் விநாடிக்கு எத்தனை கன அடி என்னும் கணக்குகளைப் பள்ளிச் சிறுவர்கூட அறிவர். அந்த எண்களுக்குப் பின்னால் உள்ள நிலத்தையும் உழவரையும் கால்வாய்களையும் நேரில் கண்டோர் மிகச் சிலரே. தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரிக் கரையெங்கும் பயணம் செய்து ‘நடந்தாய் வாழி காவேரி’ என்னும் நூலை எழுதிய காலத்தைவிட இன்று சாலைகள் நன்றாக இருக்கின்றன. பயணம் மட்டும் சுருங்கிவிட்டது.

இச்சாலைகளுக்கு இனி வரக்கூடிய ஆபத்து, அவற்றையும் விரைவுச்சாலைகளாக்கும் ஆசையே. அகலப்படுத்தும் ஒவ்வொரு முறையும் முதலில் வீழ்வது சாலையோர ஆலும் புளியும் புங்கமும்தான். முன்பு ராமநகர என்று வழங்கிய மாவட்டத்தில் ஹுலிகல் ஊரின் அருகே 385 ஆலமரங்களை நட்டுப் பேணி வளர்த்த சாலுமரத திம்மக்கா பிறந்த மாநிலத்தில், ஊர்ச்சாலைகளின் நிழலைக் காப்பது அரசின் கடமை. அச்சாலைகளில் மெதுவாகச் சென்று, வழியிலுள்ள ஊர்களில் உண்டு, வாங்கி, அவற்றுக்குப் பயன்பட்டுத் திரும்புவது பயணியின் கடமை. பெங்களூருவிலிருந்து மைசூருக்குச் செல்லும் தமிழ் வாசகர்கள், அடுத்த முறை ஒரு பகலை ஒதுக்கி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விரைவுச்சாலையை விட்டு இறங்கிப் பன்னூர்ச் சாலையில் திரும்புவார்களாக.

(தொடரும்)