நம் நோய்க் கணக்கு யார் கையில்?



ஜாசின் பக்கம் ஒரு தோட்ட மண்டபத்தில் நமது கருத்தரங்கைப் பதிவு செய்தோம். எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி முதல் ஆளாக ஒலிவாங்கியை வாங்கினார்.

"தம்பி, அந்தக் காலத்துல என் காய்ச்சல், பிரசவம் எல்லாம் டிரஸ்ஸர் புத்தகத்துல இருந்துச்சு. புத்தகம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். கொவிட் ஊசி போட்டப்போ பேரன் எல்லாத்தையும் கைப்பேசியில ஏத்திட்டான். இப்ப அந்தப் புத்தகம் யாரு கையில?"

மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், உடனே சொல்ல என்னிடம் பதில் இல்லை.

பாட்டி கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. புத்தகத்தில் எழுதியிருக்கும் விவரம் யாருக்குச் சொந்தம்? புத்தகமே யாருக்குச் சொந்தம்? முன்னது தரவு, பின்னது மென்பொருள், அதாவது அறிவுசார் சொத்து.

மைசெஜாத்திரா செயலி 2020 ஏப்ரலில் வந்தது. கேபிஐசாஃப்ட் என்ற தனியார் நிறுவனம் முதல் ஓராண்டுக்கு அதைச் சமூகக் கடமையாக இலவசமாக வழங்கியது. கோயில் வாசல் முதல் பேரங்காடி வரை அதைக் காட்டித்தான் நுழைந்தோம். 2022-இல் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு விசாரித்தபோதுதான், முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகாமலே அந்தச் சேவை பெறப்பட்டது தெரிய வந்தது. மென்பொருள் உரிமத்துக்காகத் தனியார் நிறுவனங்கள் தங்களுக்குள் 33 கோடி வெள்ளிக்கு மேல் ஒப்பந்தம் போட்டிருந்த செய்தியும் வெளியானது. தரவுகள் அமைச்சுக்கே சொந்தம் என்று அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் உறுதி கூறினார். ஆனால் பெட்டி ஒருவருடையது, சாவி இன்னொருவருடையது என்றால் மக்களுக்கு நிம்மதி எப்படி வரும்?

சட்டம் காக்காதா? 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. அது வணிகத் தொடர்புகளுக்கானது. மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. தனியார் கிளினிக்கில் உள்ள உங்கள் விவரத்தைப் பார்க்கவும் பிழை திருத்தவும் அந்தச் சட்டத்தின்படி கேட்கலாம். நம்மில் பெரும்பாலோர் போகும் அரசாங்க கிளினிக்கில் அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. அங்கே மருத்துவரின் தொழில் நெறியையும் துறை விதிகளையும்தான் நம்பியிருக்கிறோம்.

அரசாங்கத்துக்குத் துணிவில்லை என்று சொல்ல மாட்டேன். 2017-இல் ஹெப்பாடைட்டிஸ் சி நோய்க்கான சோஃபோஸ்புவிர் மருந்து எட்டாத விலையில் இருந்தபோது, 1983 காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவைப் பயன்படுத்தி, மலிவு விலை மருந்துக்கு வழி திறந்தது மலேசியா. அந்த மருந்துக்கு அப்படிச் செய்த முதல் நாடு நாம்தான். சட்டத்தில் எழுதி வைத்திருந்ததால் அது முடிந்தது.

தரவுக்கும் அதே முன்னேற்பாடு வேண்டும். செயலி தொடங்கும் முன்பே மூன்று விஷயங்கள் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்: தரவு யாருடையது, மென்பொருள் எப்போது அரசாங்கத்திடம் வரும், தேவை முடிந்ததும் விவரங்கள் எப்போது அழிக்கப்படும். அவசர காலம் என்பது இதற்கு விலக்கு ஆகாது. அவசரத்தில்தான் நாம் கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறோம்.

இதையெல்லாம் பாட்டியிடம் சொல்லி முடித்தேன். அவர் தலையாட்டினார்.

"செக்ரோல்ல பேர் ஏறாம வேலை பார்த்தா சம்பளம் வராது, தம்பி. அது எங்களுக்கே தெரியும்."