இன்னும் எவ்வளவு ஆகும்?

கட்டுமான நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் மார்ச் 31-ஓடு ஒரு கணக்கை மூடிவிடுவார்கள். பிராஜெக்ட் அக்கவுண்டன்ட்டுக்கு அந்தத் தேதி நடுவழியில் வரும் ஒரு ஊர்தான். அவருடைய கணக்கு, வேலை உத்தரவு கிடைத்த அன்று தொடங்குகிறது. வேலை கொடுத்தவர் பிடித்து வைத்த கடைசி ரூபாய் வந்து சேரும்வரை மூடப்படுவதில்லை.

அரசு ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முடிந்த வேலையைப் பொறியாளர்கள் அளந்து எம்-புக் எனும் அளவைப் புத்தகத்தில் பதிகிறார்கள். அந்த அளவை ஒப்பந்த விலையால் பெருக்கி ஆர்.ஏ. (ரன்னிங் அக்கவுண்ட்) பில் போகிறது. 1 கோடி ரூபாய்க்குப் பில் போட்டால் 1 கோடியும் வராது. ஜி.எஸ்.டி.யை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ரிட்டென்ஷன் என்று பிடித்து வைப்பது 5 லட்சம், முன்பணத்தில் கழிவது 10 லட்சம் என்று வைப்போம். ஒப்பந்தக்காரர் கம்பெனியாக இருந்தால் வருமான வரி டி.டி.எஸ். 2 லட்சம், ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். 2 லட்சம், கட்டுமானத் தொழிலாளர் நலநிதிக்கு 1 லட்சம். கையில் வருவது 80 லட்சம். இந்த 20 லட்சத்தில் நிஜமான செலவு நலநிதிக்குப் போன 1 லட்சம் மட்டுமே. மற்றதெல்லாம் ஏற்கெனவே வாங்கியது அல்லது இனி வரவேண்டியது. இதைப் பிரித்து வைக்காவிட்டால் லாபமான சைட்டிலும் சம்பளம் போடப் பணமிருக்காது.

சைட்டில் அதிகம் தலைவலி தருவது கம்பிதான். விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதி, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 12 எம்.எம். கம்பிக்கு 0.89 கிலோ. வேலை கொடுத்தவர் பெரும்பாலும் இந்தச் சூத்திர எடைக்கே பணம் தருவார். ஆலையோ எடைமேடையில் காட்டிய எடைக்குப் பில் போடும். இந்தியத் தர விதிகள் 12 எம்.எம். கம்பிக்கு 5 சதவீதம்வரை கூடக்குறைய அனுமதிக்கின்றன. 100 டன் வாங்கி, கம்பி 3 சதவீதம் கனமாக வந்திருந்தால், யாரும் திருடாமலே ஏறக்குறைய 3 டன் காணாமல் போயிருக்கும். வாட்ச்மேனைச் சந்தேகிக்கும் முன் ஒரு துண்டை வெட்டித் தராசில் வைத்துப் பார்ப்பவரே விவரமான அக்கவுண்டன்ட்.

பெட்டி கேஷ் வவுச்சர், மஸ்டர் ரோல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு, அவை பழகினால் வந்துவிடும். பழக்கத்தால் மட்டும் வராதது ஒன்று இருக்கிறது: வேலையை முடிக்க இன்னும் எவ்வளவு செலவாகும் என்ற மதிப்பீடு. ஒப்பந்தம் 10 கோடி, மொத்தச் செலவு 8 கோடி என்று வைப்போம். 4 கோடி செலவாகியிருந்தால் பாதி வேலை முடிந்ததாகக் கொண்டு 5 கோடி வருவாய், 1 கோடி லாபம் எழுதலாம். கீழே பாறை தட்டி மொத்தச் செலவு 10 கோடியாகும் என்று தெரிந்தால், அதே 4 கோடிச் செலவுக்கு வருவாயும் 4 கோடிதான், லாபம் பூஜ்யம். மதிப்பீடு பத்தரைக் கோடிக்கு ஏறினால், வரப்போகும் 50 லட்ச நட்டம் முழுவதையும் உடனே எழுதிவிட வேண்டும் என்கிறது கணக்கியல் தரநிலை. செலவான 4 கோடியில் ஒரு பைசா மாறவில்லை. அதனால்தான் பாறையைப் பற்றி சைட் இன்ஜினியர் மூன்று மாதம் தள்ளிச் சொன்னால் அக்கவுண்டன்ட்டுக்குக் கோபம் வருகிறது. அக்கவுண்டன்ட்டே அதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கட்டடம் ஒப்படைத்தபின் பழுது பொறுப்புக் காலம் ஓடும். ரிட்டென்ஷன் பெரும்பாலும் அது முடிந்துதான் விடுவிக்கப்படும். ஒப்பந்தத்துக்காகக் கொடுத்த வங்கி உத்தரவாதமும் அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். காலாவதித் தேதியைக் கவனித்துப் புதுப்பிக்க வேண்டியவரும் அக்கவுண்டன்ட்டே. இன்ஜினியர்கள் அப்போது அடுத்த சைட்டில் இருப்பார்கள்.